சீனியில்லாத இனிமை



விருந்தாளி திண்ணையில் அமர்வதற்கு முன்பே அடுப்பில் பால் ஏறிவிடும் இல்லங்கள் நம்முடையவை. பெண் பார்க்க வந்தவர்களாயினும், நோய் விசாரிக்க வந்தவர்களாயினும், ‘ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லாமல் நாம் எவரையும் அனுப்புவதில்லை. இவ்வளவு நெருக்கமாக நம்மோடு வாழும் இந்தப் பானத்தைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்திருக்கின்றோம்? பாலும் சீனியும் சேர்ந்து மூடிவிட்ட அதன் உண்மையான சுவையை என்றேனும் நாக்கில் உணர்ந்திருக்கின்றோமா?

எஸ்பிரஸோ என்னும் காப்பியை வீட்டிலேயே நன்றாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். ‘இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் இதைக் கற்றது நாகரிகத்திற்காக அன்று. என் வாப்பாவுக்காக!

எது எஸ்பிரஸோ?

கல்யாண மண்டபங்களிலும் பொருட்காட்சிகளிலும் பளபளக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘புஸ்ஸ்’ என்ற ஓசையுடன் நீராவி சீறும். கோப்பை நிறைய நுரை பொங்கும். அதன்மேல் சிறிது சாக்லேட் தூளும் தூவித் தருவார்கள். ‘எக்ஸ்பிரஸ் காப்பி’ என்று நாம் விரும்பிக் குடித்தது அதைத்தான். உடனடிக் காப்பித் தூளையும் சீனியையும் பாலில் கலந்து நீராவியால் சூடாக்கும் பானம் அது. சுவையானதுதான், ஆனால் எஸ்பிரஸோ அன்று.

உண்மையான எஸ்பிரஸோ மிகச் சிறியது. நம் பிஞ்சுக் குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் சிறு கிண்ணத்தில் அடங்கிவிடும். நன்கு மையாக அரைத்த காப்பித் தூளை ஒரு வடிகிண்ணத்தில் இறுக்கி, ஏறத்தாழ 90 பாகையிலிருந்து 95 பாகை வரை சூடான நீரை 9 பார் அழுத்தத்தில் அதனூடே செலுத்தினால், அரை நிமிடத்திற்குள் தேன்போல் ஒழுகி வருவதே எஸ்பிரஸோ. 9 பார் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கார் சக்கரத்திற்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! அத்தனை விசையோடு நீர் புகுவதால், காப்பியின் எண்ணெய்ச் சத்தும் மணமும் சேர்ந்து வெளிப்படுகின்றன. மேலே பொன்னிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிகின்றது. இத்தாலியர் அதனைக் ‘கிரேமா’ என்கின்றனர்.

யமனிலிருந்து மிலான் வரை

இத்தாலி என்றதும் அன்னியப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். காப்பியின் வேர் எங்கே இருக்கின்றது என்பதைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள், இரவு நேர திக்ருக்காக விழித்திருக்க இப்பானத்தை அருந்தினர். ‘கஹ்வா’ என்பது அரபு மொழியில் அதன் பெயர். அச்சொல்லே துருக்கியில் ‘கஹ்வே’ ஆகி, இத்தாலியில் ‘கஃபே’ ஆகி, ஆங்கிலேயரிடம் ‘காஃபி’ ஆகி, நம் அடுக்களையில் ‘காப்பி’ ஆயிற்று. யமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கொட்டைகளே நெடுங்காலம் உலகின் தாகத்தைத் தீர்த்தன.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1511-ஆம் ஆண்டில் மக்காவில் மம்லூக் அரசின் அதிகாரியாக இருந்த காயிர் பேக் காப்பியைத் தடை செய்தார். அத்தடை நீடிக்கவில்லை, கெய்ரோவில் இருந்த சுல்தான் அதனைத் தளர்த்திவிட்டார். 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் சூஃபிப் பெரியார், ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் மோக்காவிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அம்மலை இன்றும் அவர் பெயரால் பாபா புடன்கிரி என்றே வழங்குகின்றது.

அதே காப்பி கடல் வணிகர்கள் வழியே வெனிஸ் நகரை அடைந்தது. 1720-இல் அங்கே திறக்கப்பட்ட ஃபுளோரியன் காப்பிக் கடை இன்றளவும் புகழோடு விளங்குகின்றது. பின்னர் தொழிற்சாலைகளின் காலம் வந்தது. அவசரமாக வேலைக்கு ஓடும் மனிதனுக்கு விரைவாகக் காப்பி தரவேண்டிய தேவை எழுந்தது. 1884-இல் டூரின் நகரின் ஆஞ்செலோ மோரியோண்டோவும், 1901-இல் மிலான் நகரின் லூயிஜி பெஸ்ஸேராவும் நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் நீராவியின் அழுத்தம் போதவில்லை. அதன் கடுஞ்சூடு காப்பியைக் கருகச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அக்கீலே காஜியா என்னும் மிலான் நகரத்தவர், நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு நீரை அழுத்தும் முறையைக் கொணர்ந்தார். பொன்னிறப் படலம் காப்பியின் மேல் தோன்றியது அப்போதுதான். 1961-இல் ஃபயேமா நிறுவனம் மின்விசைப் பம்பு பொருத்திய இயந்திரத்தை வெளியிட்டது. இன்று வீடுகளில் வைத்துக்கொள்ளும் சிறு இயந்திரங்களும் பம்பின் விசையாலேயே இயங்குகின்றன.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். நம் நாட்டுக் காப்பிக் கொட்டையை நெடுங்காலமாக மிகுதியாக வாங்கிவரும் நாடுகளுள் இத்தாலி முதன்மையானது. மேற்குக் கடற்கரையில் பருவமழைக் காற்றில் ஊறவிட்டுப் பதப்படுத்தும் ‘மான்சூன்ட் மலபார்’ கொட்டை எஸ்பிரஸோக் கலவைகளில் விரும்பிச் சேர்க்கப்படுகின்றது. அப்படியானால் நம் மண்ணில் விளைந்ததை நம் வீட்டிலேயே அந்த முறையில் வடித்துக் குடிப்பதில் அன்னியம் எங்கே இருக்கின்றது?

வாப்பாவின் வெற்றுக் கோப்பை

இனி என் கதைக்கு வருகின்றேன்.

எங்கள் ஊர் கீழக்கரை. அஸர் தொழுகை முடித்து வாப்பா வீடு திரும்பும்போது காப்பி தயாராக இருக்கவேண்டும். பேரப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த காலத்தையும், தோணியில் கடல் கடந்த கதைகளையும் வாப்பா சொல்லத் தொடங்கினால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஓயமாட்டார். அந்த ஒரு மணி நேரந்தான் எங்கள் குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் கூடும் நேரம்.

வாப்பாவின் காப்பிக்கு மூன்று கரண்டி சீனி. சிக்கரி கலந்த தூள், கொதிக்கக் கொதிக்கப் பால். எழுபத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போனபோது மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “சீனியை அறவே விட்டுவிடுங்கள்.”

சீனியில்லாமல் கொடுத்த முதல் நாள், ஒரு வாய் பருகிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார் வாப்பா. “கசக்கிறது மகளே! எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கள்” என்று சொல்லி, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்றுவிட்டார். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டு, மஃரிபும் தொழுதபின் வீடு திரும்பலானார். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர். உம்மா தனியாகத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

வெறும் மூன்று கரண்டிச் சீனி எங்கள் வீட்டின் மாலைப் பொழுதையே கரைத்துக்கொண்டு போய்விட்டது!

செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தோம். வாப்பாவுக்கு அதன் பின்சுவை பிடிக்கவில்லை. அப்போதுதான் ஒரு கேள்வி என் மனத்தில் எழுந்தது. இத்தாலியரில் பலர் பாலே இல்லாமல் எஸ்பிரஸோவைப் பருகுகின்றனர். சீனியும் சேர்க்காதவர்கள் அவர்களுள் உண்டு. அரபு நாடுகளில் விருந்தினருக்கு ஃபின்ஜான் என்னும் கைப்பிடியில்லாச் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தரும் கஹ்வாவிலும் சீனி கிடையாது. அவர்கள் நாக்கு மட்டும் வேறு நாக்கா? அவர்களுக்குக் கசக்காதது நமக்கு மட்டும் ஏன் கசக்கின்றது?

சிந்தித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. சீனி காப்பிக்குச் சுவையூட்டுவது மட்டுமன்று. காப்பியின் குறைகளை மறைக்கும் திரையும் ஆகும். பழைய தூள், கருகிய வறுவல், மிகுதியான சிக்கரி, மீண்டும் மீண்டும் கொதித்த டிகாக்ஷன் என எல்லாவற்றையும் அது மூடி மறைத்துவிடுகின்றது. திரையை விலக்கியதும் குறை தெரிகின்றது. ஆகவே சீனியை நீக்க வேண்டுமானால், காப்பியைத்தான் சீர்செய்ய வேண்டும்.

இயந்திரமும் அரைவையும்

துபாயில் பணிபுரியும் என் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறு எஸ்பிரஸோ இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தான். ஒரு பெரிய ரொட்டிப் பெட்டியின் அளவே இருக்கும். பெட்டியின் மேல் ‘15 பார்’ என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். அது பம்பின் உச்ச ஆற்றல். காப்பிக்குத் தேவை 9 பார்தான். எண் பெரிதாயிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதை வாங்க நினைப்பவர்கள் நினைவிற் கொள்ளுங்கள்.

இயந்திரத்தைவிட முக்கியமானது அரைக்கும் கருவி. மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டுமே தவிர அரைக்காது. ஒரு துகள் மாவாகவும் இன்னொன்று நொய்யாகவும் இருக்கும். மாவாக இருப்பது கசப்பைத் தரும். நொய்யாக இருப்பது புளிப்பைத் தரும். இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்துவிடும். திருகை போல இரு பற்சக்கரங்களுக்கு இடையே நசுக்கி அரைக்கும் கருவியே வேண்டும். நான் வாங்கியது கையால் சுற்றும் சிறிய கருவி. அரைவையின் நயத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதன் அடியில் ஒரு திருகு உண்டு. சில நிமிடங்கள் சுற்றினால் இரண்டு பேருக்கான தூள் கிடைத்துவிடும். ‘நான் சுற்றுகிறேன், நீ சுற்றுகிறாய்’ என்று பிள்ளைகள் போட்டியிட்டதால் என் கைக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

கொட்டைக்கு வருவோம். சிக்கரி கலவாத தூய காப்பிக் கொட்டையே எஸ்பிரஸோவுக்கு ஏற்றது. நம் கடைகளில் கிடைக்கும் பிளாண்டேஷன் ஏ, பீபரி ஆகியவையே போதும். நடுத்தரத்திற்குச் சற்று மேலாக வறுக்கச் சொல்லுங்கள். வறுத்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வறுத்த உடனே கொட்டையில் கரியமில வாயு நிறைந்திருக்கும். அது நீரின் வழியைத் தடுத்துச் சுவையைக் குலைக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பயன்படுத்தத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுவது நல்லது. காற்றுப் புகாத டப்பாவில், வெயிலும் அடுப்பின் சூடும் படாத இடத்தில் வையுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே அரையுங்கள். அரைத்து வைத்த தூளின் மணம் விரைவிலேயே பறந்துவிடும்.

நகைக்கடைத் தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நம் சமையலில் ‘கைப்பிடி’, ‘கண்ணளவு’ என்பவை கைதேர்ந்தவர்களுக்குப் பெருமை. பிரியாணிக்கு அது பொருந்தலாம். எஸ்பிரஸோவுக்குப் பொருந்தாது. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கோப்பையில் தெரிந்துவிடும். ஆகவே நகைக்கடையில் இருப்பது போன்ற, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்றை வாங்கினேன். கூடவே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று.

என் இயந்திரத்தின் வடிகிண்ணம் 16 கிராம் தூளைக் கொள்ளும். அதிலிருந்து இரு மடங்கு, அதாவது 32 கிராம் எடையுள்ள காப்பி, 25 முதல் 30 வினாடிகளுக்குள் இறங்கவேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. தூள் ஒன்று, காப்பி இரண்டு, நேரம் அரை நிமிடத்திற்குள். இந்த மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் கல்வி முடிந்தது.

முதல் நாள் 9 வினாடியில் காப்பி கொட்டிவிட்டது. வெளிறிய நிறம், எலுமிச்சை பிழிந்தாற்போன்ற புளிப்பு. நீர் தூளில் தங்காமல் ஓடிவிட்டது என்பது பொருள். அரைவையை மேலும் நயமாக்கினேன். இரண்டாம் நாள் இயந்திரம் முனகிற்று. சொட்டுச் சொட்டாக 50 வினாடி. தொண்டையை வறட்டும் கசப்பு. இப்போது நீர் அளவுக்கு மீறித் தங்கி, வேண்டாதவற்றையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. இரண்டிற்கும் நடுவே திருகை வைத்தேன். மூன்றாம் நாள் 22 வினாடி. நான்காம் நாள் 27.

புளித்தால் நயமாக அரையுங்கள். கசந்தால் சற்றுப் பருமனாக அரையுங்கள். எஸ்பிரஸோக் கல்வியின் முதற்பாடம் இதுதான். இரண்டாம் பாடம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைவையை மாற்றும் நாளில் எடையை மாற்றாதீர்கள். எடையை மாற்றும் நாளில் கொட்டையை மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால், நன்றாக வந்ததற்கும் காரணம் தெரியாது. கெட்டுப்போனதற்கும் காரணம் தெரியாது. பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும் என்று உம்மா சொல்லிச் சிரித்தார்கள்.

நேரம் சரியாக இருந்தும் சில நாள் சுவை அமையவில்லை. அடியில் துளையுள்ள வடிகிண்ணத்தை உற்று நோக்கியபோது காரணம் விளங்கியது. ஒரு பக்கத்தில் காப்பி பீறிட்டு வந்தது. மறுபக்கம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எப்போதும் எளிய வழியையே தேடும் அல்லவா? தூளில் கட்டியோ வெடிப்போ இருந்தால், அதன் வழியே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே தூளை நிரப்பியபின் மெல்லிய ஊசியால் மெதுவாகக் கிளறிக் கட்டிகளை உடைத்துச் சமப்படுத்துகின்றேன். பிறகு அழுத்துக்கட்டையால் நேராக, சாய்வில்லாமல் அழுத்துகின்றேன். பலம் முக்கியமன்று, சமமே முக்கியம்.

இயந்திரத்தையும் வடிகிண்ணத்தையும் கோப்பையையும் முன்கூட்டியே சூடாக்குவது இன்னொரு தேவை. குளிர்ந்த இரும்பும் குளிர்ந்த பீங்கானும் அந்தச் சிறு காப்பியின் வெப்பத்தை நொடியில் குடித்துவிடும். தூள் இல்லாமல் வெறும் வெந்நீரை ஒரு முறை ஓடவிட்டு, அந்நீரையே கோப்பையில் பிடித்து வைத்தால் இரண்டும் சூடேறிவிடும்.

தண்ணீரும் பாலும்

கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் கிணற்று நீர் உவர்ப்பு. உப்பு மிகுந்த நீர் காப்பியின் சுவையைக் கெடுப்பதோடு, இயந்திரத்தின் உட்குழாய்களில் சுண்ணாம்புப் படிவையும் உண்டாக்கும். மறுபுறம், தாதுக்கள் அனைத்தையும் நீக்கிய நீரில் காப்பி சப்பென்று இருக்கும். அதிகக் கடினமும் இல்லாமல், முற்றிலும் வெறுமையும் இல்லாமல் இருக்கும் குடிநீரே ஏற்றது. இயந்திரத்தோடு வரும் குறிப்பேட்டில் சொல்லியபடி படிவை நீக்கும் வேலையைத் தவணை தவறாமல் செய்யுங்கள். காப்பி வடித்த ஒவ்வொரு முறையும் வடிகிண்ணத்தைக் கழுவித் துடைத்து வையுங்கள். ஒட்டியிருக்கும் காப்பி எண்ணெய் நாட்பட்டால் சிக்குநாற்றம் அடையும். எவ்வளவு நல்ல கொட்டையும் அதன்முன் தோற்றுப்போகும்.

பாலுக்கும் ஒரு பக்குவம் உண்டு. காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்த பாலை ஒரு சிறு எஃகுக் குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீராவிக் குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும்படி சில வினாடிகள் பிடித்தால் காற்று உட்புகும். பிறகு சற்று ஆழத்தில் இறக்கி, பால் சுழலும்படி செய்யுங்கள். குவளையை உள்ளங்கை தாங்கமுடியாத சூடு வந்தவுடன் நிறுத்திவிடவேண்டும். ஏறத்தாழ 60 முதல் 65 பாகை. கொதிக்கவே கூடாது. பாலில் இயற்கையாகவே உள்ள இனிமை இந்த இளஞ்சூட்டில்தான் நாக்குக்கு நன்றாகப் புலப்படுகின்றது. பொங்கப் பொங்கக் காய்ச்சி ஆற்றும் நம் வழக்கத்தில் அதனை நாம் கவனித்ததேயில்லை!

“இதில் என்ன போட்டாய்?”

இவையெல்லாம் கைவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அதுவரை வாப்பாவுக்கு நான் எதையும் நீட்டவில்லை. சலித்துப்போன ஒருவரிடம் அரைகுறையான பொருளைக் கொண்டுபோனால் மீண்டும் அழைப்பது கடினம் அல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்துவிட்டு வீட்டிலேயே ஓய்வெடுத்திருந்தார் வாப்பா. அஸருக்குப் பிறகு ஒரு சிறு கோப்பையில் எஸ்பிரஸோவும் அதன்மேல் சிறிதளவு பாலும் ஊற்றிக் கொடுத்தேன். “இவ்வளவுதானா?” என்பதே அவருடைய முதற்கேள்வி. ஒரு வாய் பருகினார். நெற்றி சுருங்கவில்லை. இன்னொரு வாய் பருகினார்.

“சீனி போட்டாயா மகளே?”

“இல்லை வாப்பா.”

“பனங்கற்கண்டா? என்ன போட்டாய்?”

“ஒன்றுமே போடவில்லை வாப்பா. காப்பியும் பாலுந்தான்.”

வாப்பா கோப்பையைச் சற்றுநேரம் கையிலேயே வைத்திருந்தார். “அல்ஹம்துலில்லாஹ்! கசப்பு இருக்கிறது, ஆனால் கடிக்கவில்லை” என்றார். நான் படித்த எந்த விளக்கமும் நல்ல காப்பியை இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். சீனிக் காப்பியின் தித்திப்பு இதில் கிடையாது. பழகுவதற்கு நாக்குக்கும் சில வாரங்கள் தேவைப்பட்டன. சில நாள் ‘இன்று அவ்வளவாக இல்லை’ என்பார். அன்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் வினாடி தவறியிருப்பது தெரியும். மழைக்காலத்தின் ஈரப்பதத்திலும், கொட்டை பழையதாக ஆக ஆகவும் அரைவையைச் சற்றே மாற்றவேண்டியிருக்கின்றது. ஆனால் கோப்பைக்காக வாப்பா அமர்ந்தார். வாப்பா அமர்ந்ததால் பிள்ளைகள் வந்தார்கள். கொழும்புக் கதைகள் திரும்பி வந்தன.

பெரிய செலவு இல்லாமல்…

‘எங்களுக்குத் துபாய்த் தம்பி இல்லையே!’ என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகின்றது. கவலை வேண்டாம். 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியலெட்டியின் பட்டறையில் உருவான மோக்கா பானை என்றொரு எளிய பாத்திரம் உண்டு. யமனின் மோக்கா துறைமுகத்தின் பெயரையே தாங்கியது! கீழ்ப்பகுதியில் நீர், நடுவில் தூள், மேற்பகுதியில் வடிந்த காப்பி. கேஸ் அடுப்பில் சிறு தீயில் வைத்தால் நீராவி தண்ணீரை மேலே தள்ளும். இயந்திரத்தின் அழுத்தம் இதில் இல்லை. பொன்னிறப் படலமும் அந்த அளவு வராது. ஆயினும் எஸ்பிரஸோவுக்கு நெருங்கிய உறவினர் இது. கீழே வெந்நீரையே ஊற்றுங்கள். தூளை அழுத்தாமல் நிரவுங்கள். குமிழியிட்டுச் சலசலக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். கசப்பு அண்டாது.

அளவு மறவாதீர்கள்

நல்ல பொருளாயினும் எல்லை உண்டு. நலமுள்ள வயது வந்தவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், கர்ப்பிணிகள் 200 மில்லிகிராம் வரையிலும் கஃபீன் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அறிவித்தது. ஒரு சிறு எஸ்பிரஸோவில் ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிகிராம் இருக்கும். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி நீங்குவதற்கே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே இஷாவுக்குப் பிறகு வேண்டாம். உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகையுள்ள சகோதரிகள் உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மருந்தன்று. பாலிலும் இயற்கைச் சர்க்கரை உண்டு. மருத்துவரின் சொல்லே முதலில்; காப்பி பிறகுதான்.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் இல்லங்களில் சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டைக் காண்பதே அரிதாகிவிட்டது. ‘அதைத் தின்னாதே, இதைக் குடிக்காதே’ என்று பெரியவர்களைத் தடுப்பது நம் கடமைதான். ஆனால் தடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடுகின்றதா? ஓர் உணவைப் பறிக்கும்போது, அதனோடு சேர்ந்திருந்த உறவாடலையும் பறித்துவிடுகின்றோம். விலக்கிய இடத்தில் வேறொன்றை, அதுவும் அக்கறையோடு சமைத்த ஒன்றை, வைப்பதற்கு நாம் முயலவேண்டும். அது காப்பியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது என்பதை நீங்களே அறிவீர்கள்.

எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் இப்போது மூன்றாவது. வாப்பாவின் மருந்துச் சீட்டோடு அதையும் ஒரே இழுப்பறையில் வைத்திருக்கின்றேன்.